பங்குப் படகில் கடல் தூண்டில்: திருப்பூரிலிருந்து மூன்று சீசன் போய்வந்த அனுபவம்

முதல் முறை போனது 2022 அக்டோபரில். 2025 ஏப்ரலோடு மூன்று சீசன், 14 பயணம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டு கேரளத்து முனம்பம் துறைமுகத்திலிருந்து, இரண்டு தூத்துக்குடியிலிருந்து. எல்லாமே ஆறு பேர் காசு போட்டு ஒரு படகை ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்கிற பங்குப் பயணம்தான். திருப்பூர், பல்லடம், கோபிப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் கண்டதையும் பட்டதையும் மட்டும் வைத்து எழுதுகிறேன்.

நாங்கள் அணைத் தண்ணீரில் தூண்டில் பழகிய ஆட்கள். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு. மண்புழுவோ மைதா உருண்டையோ கோர்த்துப் போட்டுவிட்டு, தக்கை அமுங்குகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்போம். கடலில் அந்த உட்காருகிற வேலையே கிடையாது. பார் இருக்கிற இடத்தில், அதாவது அடியில் பாறைத்திட்டு இருக்கிற இடத்தில், இன்ஜினை நிறுத்தியதும் படகு நீரோட்டத்தோடு நகர ஆரம்பிக்கும். 60 கிராம் ஜிக்கை, அதாவது சின்ன மீன் மாதிரி இருக்கிற உலோகத் துண்டில் கொக்கி மாட்டிய போலி இரையை, விட்டால் அது தரையில் தட்டுகிற வரை நூல் போய்க்கொண்டே இருக்கும். தட்டியதும் ராடை, அதாவது தூண்டில் கம்பை, மேலே சுண்ட வேண்டும், ரீலை ஒரு சுற்று சுற்ற வேண்டும், மறுபடி சுண்ட வேண்டும். பத்து நிமிடத்தில் தோள்பட்டை கடுக்கும். எனக்கு முதலில் மாட்டிய பாறை மீன் மூன்று கிலோகூட இல்லை. அதை மேலே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ராடின் அடிக்கட்டை வயிற்றில் பதிந்து, அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது. பவானிசாகரில் ஐந்து கிலோ கட்லா தூக்கியவன் நான். அந்த இழுப்பு வேறு, இது வேறு.

சனிக்கிழமை கம்பெனியில் சம்பளம் போட்டு முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புவோம். வாளையார், பாலக்காடு, திருச்சூர், கொடுங்ஙல்லூர் வழியாக 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கிற பாடு இல்லை. விடிகாலை துறைமுகத்தில் கட்டன் சாயா, ஐந்தரைக்குப் படகு. டீசலோடு சேர்த்து வாடகை 18,000 ரூபாய், ஆளுக்கு 3,000. கார், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு இன்னொரு 1,200. தூத்துக்குடி எங்களுக்குத் தூரம் அதிகம். ஞாயிறு ஒரு நாளுக்குள் போய்வந்தால் திங்கட்கிழமை வேலை கெடுகிறது. அதனால்தான் முனம்பத்தோடு நின்றுகொண்டோம்.

நான்காவது பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேர்தான் சேர்ந்தோம். படகை ஏற்பாடு செய்கிற ஒருவர், மற்ற நான்கு பேரையும் தானே சேர்த்துத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் படகில் ஒன்பது பேர். லைஃப் ஜாக்கெட் ஐந்துதான் இருந்தது, அதிலும் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது. அன்றே இறங்கியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்துவிட்டோமே என்று ஏறிவிட்டேன். அந்த முடிவுக்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். நல்லவேளை, கடல் அமைதியாக இருந்தது. ஆனால் ஒன்பது நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, யாருக்கு மாட்டினாலும் பாதியில் அறுந்தது. "ஏனுங்கண்ணா, இது உங்க நூலுங்களா?" என்று கேட்டுக் கேட்டே மத்தியானம் ஆகிவிட்டது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இடம் பிடித்த இரண்டு பேர் கடைசிவரை அங்கிருந்து நகரவே இல்லை.

திரும்பி வரும்போது என் கூட்டாளி சொன்னான்: "மாப்ள, நம்ம பங்குக் கிணத்துல எப்படி மொற வெச்சுத் தண்ணி பாய்ச்சறோமோ, அதே மாதிரி இங்கயும் வெக்கோணும்." அவங்க தோட்டத்தில் மூன்று குடும்பத்துக்கு ஒரே கிணறு. தண்ணீர் குறைந்த கோடையிலும் அந்த முறை மாறினதில்லை, சண்டையும் வந்ததில்லை. அடுத்த பயணத்திலிருந்து அதையே படகில் வைத்தோம். முன்னால் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மணிக்கு ஒரு தரம் இடம் மாற வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் மாற வேண்டும். ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர் உடனே நூலைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே எடை ஜிக் போட வேண்டும். ஒருவர் 40 கிராமும் இன்னொருவர் 100 கிராமும் போட்டால் நீரோட்டத்தில் இரண்டு நூலும் வேறு வேறு சாய்வில் போய்ப் பின்னிக்கொள்ளும். பிடித்த மீன் யார் தூண்டிலில் வந்தாலும் ஆறு பங்கு. இந்த நான்கையும் வண்டி ஏறும் முன்னமே பேசிவிடுவோம். அதற்குப் பிறகு நடந்த பத்துப் பயணத்தில் முகம் சுளித்துக்கொண்டு திரும்பியது ஒன்றுகூட இல்லை.

இப்போது நாங்கள் எடுக்கிற படகின் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவர், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர். அந்த ஊர் ஆட்கள் கொச்சித் துறைமுகத்தில் காலங்காலமாக ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். அவரிடம் கற்றது கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு தடவை மீன் ஓடும்போது நான் பயந்து ரீலை இறுக்கினேன். "மக்களே, மீனு ஓடட்டும். ஓடித்தான் அது தளரும்" என்று கையைத் தட்டிவிட்டார். டிராக்கை, அதாவது மீன் எவ்வளவு இழுத்தால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் என்கிற இறுக்கத்தை, வீட்டிலேயே தொங்கு தராசில் நூலைக் கட்டி இழுத்துச் சரிபார்க்கிற பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. 30 பவுண்டு நூலுக்கு மூன்றரை, நான்கு கிலோவில் டிராக் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். அதாவது நூல் தாங்குகிற எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். ஊளி மீன் இருக்கிற இடமென்றால் முனையில் ஒரு சாண் கம்பி லீடர், அதாவது நூலுக்கும் கொக்கிக்கும் நடுவில் கட்டுகிற கம்பித் துண்டு, கட்டாயம். அதன் பல் நைலான் நரம்பை ஒரே கடியில் நறுக்கிவிடும்.

இனி ரீல். இதில் நான் பட்ட நஷ்டம் யாரும் படக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கழுவினேன். ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர், நம் ஊரில் உப்புத்தண்ணி என்று சொல்வோமே, அது. ஆறு மாதத்தில், ரீலில் நூல் உருண்டு போகிற லைன் ரோலர் கரகரவென்று சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. பேரிங்கும் துருப்பிடித்திருந்தது. கடல் உப்பை எடுக்கப் போய் போர் தண்ணீரின் உப்பை ஏற்றியிருக்கிறேன். இப்போது குடிக்கிற ஆற்றுத்தண்ணியில் ஒரு குடம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். டிராக்கை இறுக்கிவிட்டு, மேலே லேசாகத் தெளித்து, பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி காய வைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். துணிக்கு திருப்பூரில் பஞ்சமில்லை, கட்டிங் வேஸ்ட்டே போதும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு வாங்கிய 5000 சைஸ் ரீல் இரண்டு சீசன் தாண்டியும் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது.

படகு ஆட்டத்தில் தலை சுற்றி வாந்தி வருகிற தொல்லை எங்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்கு இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். முதல் நாள் ராத்திரி பரோட்டா, சால்னா வேண்டாம். இன்ஜின் புகை அடிக்கிற இடத்தில் உட்காராமல், தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நடுப்படகில் நின்றால் பாதி குறையும். செல்போனைக் குனிந்து பார்க்கவே கூடாது.

மீன் பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு, உடனே ஐஸ் பெட்டியில் போட வேண்டும். மீன் எடைக்குச் சமமாக ஐஸ் இருந்தால்தான் திருப்பூர் வரை தாங்கும். ஐஸ் கரைந்த தண்ணீரில் மீன் ஊறினால் சதை வெளிறிப் போகும் என்பதால் நெகிழிப் பையில் கட்டி வைக்கிறோம். சின்ன மீனைக் கடலுக்கே விட்டுவிடுகிறோம். கேரளத்தில் பல வகை மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் சட்டத்திலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஒரு சாண் மீனை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வர மனசு வராது. சாயங்காலம் வீடு சேர்ந்ததும் ஆத்தா காங்கேயத்துச் செக்கெண்ணெயில் பாறை மீன் துண்டைப் பொரித்துக்கொண்டே, "இது நம்மூரு ஆத்து மீனாட்ட வாடையே அடிக்கலயே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே கடலுக்குப் போகலாம் என்று தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. 14 பயணத்தில் மூன்று முறை வெறும் பெட்டியோடு வந்திருக்கிறோம். ஒருமுறை காற்று எழும்பி, பத்து மணிக்கே ஸ்ராங்கு படகைத் திருப்பிவிட்டார். காசு திரும்பி வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கடலில் அவர் சொல்வதுதான் முடிவு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுதானே ஏறினோம். புதிதாகப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் ஆள் கணக்குக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதை எல்லோர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம்.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் எங்களுக்குச் சீசன். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை எப்படியிருந்தாலும் அந்த மாதங்களில் முனம்பம் முகத்துவாரத்தைத் தாண்ட நாங்கள் ஆசைப்படுவதில்லை. அந்தக் கடலைப் புரட்டுகிற கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற பருவக்காற்றுதான், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கும் வந்து அடிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் இப்போதே வேகம் பிடித்துவிட்டன. போன வாரம் ஆறு ரீலையும் என் வீட்டுத் திண்ணையில் பரப்பிப் போட்டு, கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய பனியன் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாகிவிட்டது.