வைல்டு டர்க்கி, மேக்கர்ஸ் மார்க்: முதன்முதலில் பர்பன் வாங்குகிறவருக்கு எது?

போன வருடம் ஆடி மாதம் மச்சான் தோஹாவிலிருந்து லீவில் வந்தபோது டியூட்டி ஃப்ரீயில் ஒரு வைல்டு டர்க்கி 101 வாங்கி வந்தான். "மாமா, இது அமெரிக்காவுல பேர் போன பர்பன். உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பர்பன் என்றால் மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி. ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, ராவாக ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை எரிந்தது. நாக்கு மரத்துப்போனது. ருசி என்று ஒன்றும் பிடிபடவில்லை. மூடி போட்டு பீரோவில் வைத்தேன். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது.

பாட்டிலில் தப்பில்லை, நான் அதைத் தொட்ட வரிசைதான் தப்பு. தோல் பதனிடும் டேனரியில் இருபத்தாறு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிற எனக்கு இது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும். பட்டைச் சாற்றில் பதப்படுத்துகிறவர்கள் பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் புதுச் சாற்றில் இறக்க மாட்டார்கள். பல தோல் கண்ட பழைய சாறு, நீர்த்துப் போனது, அதில்தான் முதல் ஊறல். நாள் போகப் போகத்தான் கட்டியான சாறு. அவசரப்பட்டு முதலிலேயே கட்டிச் சாற்றில் போட்டால் மேற்புறம் இறுகிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஓரத்தை அறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு வேறு நிறத்தில் தெரியும். என் நாக்குக்கு நடந்ததும் அதுதான்.

அந்த 101 என்ற எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ப்ரூஃப் என்று போடுவது சதவீதத்தைப்போல இரண்டு மடங்கு. 101 என்றால் 50.5 சதவீதம். நம் ஊர் குவார்ட்டரில் 42.8 என்று போட்டிருக்கும். நான் பழகியது அது. அதிலிருந்து நேராக 50.5-க்குத் தாவினால் எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த லீவில் மச்சானிடம் மேக்கர்ஸ் மார்க் கேட்டேன். கழுத்தில் சிவப்பு மெழுகு வழிந்திருக்கும் சதுர பாட்டில், 45 சதவீதம். கென்டக்கியில் லொரெட்டோ என்ற சின்ன ஊரில் வடிக்கிறார்கள். பர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மீதியில் பெரும்பாலானவர்கள் ரை என்கிற தானியத்தையும் கொஞ்சம் பார்லியையும் சேர்ப்பார்கள். ரை கொடுப்பது மிளகு மாதிரி ஒரு காரம். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை. அதனால் அந்தக் காரம் இல்லை, மெதுவாக இறங்குகிறது.

உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நன்றாகத் தேய்த்தேன். தோலுக்குப் போடும் எண்ணெயை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். ஸ்பிரிட் பறந்து போனதும் கையில் மிஞ்சியது ஆற்காட்டு மக்கன் பேடா ஊறிய பாகின் வாசனை, அதற்குப் பின்னால் மரம். ஒரு லார்ஜுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குடித்தேன். முதலில் இனிப்பு, வெனிலா. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு, கடுக்காயைக் கடித்துத் துப்பிய பிறகு நிற்குமே அந்த மாதிரி. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. டேனின்! தோலைப் பதப்படுத்தும் அந்தத் துவர்ப்புச் சத்து. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே சங்கதி ஓக் மரத்திலும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓக் பட்டையை வைத்துத்தான் தோல் பதப்படுத்தினார்கள். வாழ்நாள் முழுக்க என் கையில் இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் நாக்கில் சந்தித்தேன்.

பர்பனில் இந்த மரத்துக்குத்தான் முக்கிய வேலை. உட்புறம் தீயில் கரித்த புத்தம் புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும், நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. பழுப்பு நிறம் முழுவதும் மரம் கொடுத்தது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்ற முடியாது என்பதால் அவை ஏராளமாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஸ்காட்சுக்குப் பழைய பீப்பாய், குளிர் நாடு. கென்டக்கிக்குப் புது பீப்பாய், நல்ல வெயில். மரத்தின் சத்து சரக்கில் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் வயது கூடினால் உசத்தி என்ற ஸ்காட்ச் கணக்கை இங்கே போடாதீர்கள். ரொம்ப வருடம் கிடந்தால் துவர்ப்பு மட்டும்தான் தூக்கலாக நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர் வயசான விலை உயர்ந்த பாட்டிலுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை.

லேபிளில் ஸ்ட்ரெய்ட் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குறைந்தது 2 வருடம் ஊறியது என்று பொருள். 4 வருடத்துக்குக் குறைவானால் வயதை அச்சடித்தே ஆக வேண்டும். ஆக, ஸ்ட்ரெய்ட் என்று போட்டு வயது போடவில்லை என்றால் 4 வருடமாவது ஆகியிருக்கும். ஜாக் டேனியல்ஸைப் பர்பன் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதன் லேபிளில் டென்னசி விஸ்கி என்றுதான் இருக்கும். பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுகிறார்கள். நல்ல சரக்குதான், ஆனால் வேறு வகை.

விலை குறைந்த ஜிம் பீம் வெள்ளை லேபிளை ஒரு நண்பர் வீட்டில் குடித்திருக்கிறேன். 40 சதவீதம். வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) வாசனை அதில் நன்றாகவே தெரியும். சோடாவுக்கு அது போதும். ஆனால் மரத்தின் ருசி தெரிய வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் போட்டு நடுத்தர விலைக்குப் போங்கள். 2025 பிப்ரவரியில் பர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100-க்குக் குறைத்தார்கள். 100 சதவீதமும் சாமானியனுக்குப் பெரிய வரிதான். அதனால் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வையுங்கள். ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

கோலா ஊற்றாதீர்கள். பாகு வாசனையுள்ள சரக்கில் இன்னொரு பாகை ஊற்றினால் எதுவும் தெரியாது. வேலூர் வெயிலுக்கு ஐஸ் வேண்டும்தான். பெரிய கட்டியாக ஒன்று போட்டால் மெதுவாகக் கரையும். சைடிஷுக்கு உப்பு போட்டு வறுத்த மல்லாட்டையே போதும். மசாலா தூக்கலான சில்லி சிக்கன் வைத்தால் துவர்ப்பு அடிபட்டுப் போகிறது.

மேக்கர்ஸ் மார்க் பாதி காலியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீரோவிலிருந்து அந்த வைல்டு டர்க்கியை எடுத்தேன். இந்த முறை ஒரு பங்குக்கு அரைப் பங்கு தண்ணீர். அதே பாட்டில்தானா என்று லேபிளைத் திரும்பப் பார்த்தேன். மிளகுக் காரம், அதன் அடியில் கருகிய சர்க்கரை, கடைசியில் நீண்ட நேரம் நிற்கிற துவர்ப்பு. மேக்கர்ஸ் மார்க்கை விட எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் பாட்டிலாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மச்சான் தை மாதம் வருகிறான். பஃபலோ டிரேஸ் சொல்லியிருக்கிறேன். மேக்கர்ஸ் மார்க் மாதிரியே 45 சதவீதம், ஆனால் கோதுமைக்குப் பதில் ரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.