கால் தளர்ந்த கிளிக்கு எது ஏற்றது: கிளையா, கயிறா, பலகையா?

கூண்டோடு வரும் வழுவழுப்பான உருளைக் குச்சியை முதலில் கழற்றிவிடுங்கள். அது போட்டியிலேயே சேராது. முழுக்க ஒரே தடிமன் என்பதால் உள்ளங்காலின் ஒரே இடத்தில்தான் எடை விழும். மூட்டு வலியால் அசையாமல் நிற்கும் கிழட்டுக் கிளிக்கு அந்த இடம் தேய்ந்து, புண்ணாகி, சீழ் வைக்கும். மணல்தாள் சுற்றிய குச்சியும் வேண்டாம். நகம் தேயும் முன்பே தோல் தேய்ந்துவிடும்.

மீதி மூன்றில் எது என்பதற்குக் கிளியின் காலே பதில் சொல்லும். பிடி தளர்ந்திருக்கிறதா, உள்ளங்கால் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். செதில் வரிகள் மறைந்து தோல் சிவந்து பளபளத்தால், அது புண்ணுக்கு முந்தைய நிலை.

பிடிக்க வலுவிருந்து விறைப்பு மட்டும் உள்ள கிளிக்கு மரக்கிளையே முதல் தேர்வு. கிளையின் தடிமன் ஏறி இறங்குவதால் எடை விழும் இடமும் மாறும். விரல்கள் ஏறக்குறைய முக்கால் சுற்று வளைந்து பிடிக்கட்டும். முன் நகமும் பின் நகமும் முட்டிக்கொண்டால் கிளை மெலிது. நச்சில்லாத மரமாக, பூச்சிமருந்து படாததாக இருக்க வேண்டும். பிடி நழுவும் கிளிக்கோ கிளை ஆபத்து: விழும்போது நெஞ்செலும்பின் மேல் தோல் பிளந்துவிடும்.

பருத்திக் கயிறு மெத்தென்று இருக்கும், பிடிக்கவும் சுலபம். ஆனால் நைந்த நூல் விரலைச் சுற்றினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். எதையும் பிய்த்துப் பார்க்கும் கிளிக்குக் கயிறே வேண்டாம். மற்ற கிளிகளுக்கும் இரு முனையும் இறுக்கிக் கட்டுங்கள், ஆடினால் பயந்து ஏறாது. நூல் பிரிய ஆரம்பித்ததுமே தூக்கி எறியுங்கள்.

பிடியே இல்லாத கிளிக்குப் பலகைதான், இதில் விவாதமே இல்லை. நடுத்தர அளவுக் கிளிக்கு 15 × 25 செ.மீ. போதும். வழுக்காமலிருக்க மேலே கார்க் தாளோ, தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜோ சுற்றலாம். கடித்துத் தின்றால் எடுத்துவிடுங்கள். வால் கம்பியில் உரசாமல் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி பொருத்த வேண்டும். பலகையின் பெரிய குறை எச்சம்: கிளி அதன் மேலேயே நிற்கும். தினம் இருமுறை துடைக்க முடியாதென்றால், உள்ளங்கால் புண்ணுக்குப் பலகையே காரணமாகிவிடும்.

பெரும்பாலான கிளிகளுக்குக் கலவைதான் சரிப்படும்: தூங்கவும் தின்னவும் பலகை, பகலில் பக்கத்திலேயே தாழ்வாக ஒரு கிளை, இடையில் சரிவு குறைந்த ஏணி. தீனியும் தண்ணீரும் நின்ற இடத்திலேயே எட்ட வேண்டும். கிளி நிற்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் இறக்காதீர்கள். தாழ்வான இடம் கிளிக்குப் பயம், இறகைப் பிடுங்கக்கூடத் தொடங்கலாம். சில நாளுக்கு ஒருமுறை 5 செ.மீ. வீதம் இறக்குங்கள். கூண்டின் அடியில் மடித்த துணி விரியுங்கள். வளைய நூல் உள்ள குளியல் துண்டு வேண்டாம், அதில் நகம் மாட்டும். இருட்டில் திடுக்கிட்டு விழுவதைத் தடுக்க மங்கலான விளக்கு உதவும்.

ஒரு கால் மட்டும் திடீரெனத் தளர்ந்தாலோ, கால் மூட்டுகளில் வெண்மஞ்சள் முடிச்சுகள் தெரிந்தாலோ குச்சி மாற்றிப் பயனில்லை. முடிச்சு யூரிக் அமிலப் படிவாக இருக்கலாம், ஒற்றைக் கால் தளர்ச்சி நரம்பை அழுத்தும் கட்டியாக இருக்கலாம். பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலி மருந்தும் அவர் எடை பார்த்துக் கொடுப்பதுதான். மனிதர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.