மூழ்கிய கப்பலின் வயது: மரமா, மட்பாண்டமா, நாணயமா?

முகலாய வெள்ளி ரூபாய்களைச் சேகரிப்பவன் நான். மூழ்கிய கப்பல்களின் காலத்தைப் படிக்க எந்தச் சான்றைப் பிடிப்பது என்ற கேள்வி வந்ததும் நாணயத்தைத்தான் பிடித்தேன். பழக்கம் மட்டும் அதற்குக் காரணமல்ல.

மர வளையங்களை எண்ணினாலும், மரத்திலுள்ள கதிரியக்கக் கரிமம் (கரிமம்-14) எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தாலும் தெரிவது மரம் வளர்ந்த காலம். அந்த மரத்தில் செய்த கப்பல் எத்தனை ஆண்டு ஓடியது என்று தெரியாது. மட்பாண்டத்தின் பாணியோ பல பத்தாண்டுகள் மாறாமல் நீடிக்கும். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பலில், 826ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதியுடன் ஒரு சீனக் கிண்ணமே கிடைத்தது. பானை சட்டியில் அப்படித் தேதி வாய்ப்பது அபூர்வம்.

நாணயத்தில் தேதி சாதாரணம். ஆனால் அச்சடித்த நாளுக்கு முன் கப்பல் மூழ்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதன்பின் எவ்வளவு காலம் கை மாறியது? எல்லாமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பேசஸ் பாறைத்திட்டில் 1961இல் கண்டெடுத்த கப்பலைப் பாருங்கள். அதிலிருந்தவை அவுரங்கசீப்பின் ரூபாய்கள். சூரத் நாணயச்சாலையில் அடித்தவை. ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1701 ஜூன் முதல் 1702 மே வரை. மூட்டையாகக் கட்டியிருந்தவை, துணி மக்கிப்போன பிறகும் மூட்டை வடிவிலேயே கட்டியாக இறுகியிருந்தன. சந்தையில் புழங்கிய பணமென்றால் பல ஊர், பல ஆண்டு கலந்திருக்கும். இங்கே ஒரே ஊர், ஒரே ஆண்டு. நாணயச்சாலையிலிருந்து நேரே கப்பலேறிய சரக்கு என்பதே என் முடிவு. இடைவெளி மிகச் சிறிது.

சில சமயம் மேல் எல்லையும், அதாவது கப்பல் எதற்குப் பின் மூழ்கியிருக்க வாய்ப்பில்லை என்பதும், கிடைத்துவிடும். நமீபியாவில் 2008இல் வைரச் சுரங்கக்காரர்கள் தோண்டிய இடத்தில் வெளிப்பட்ட போர்த்துகீசியக் கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேல் தங்கக் காசுகள். பெரும்பாலானவை ஸ்பானியக் காசுகள்தான். ஆனாலும் காலத்தைக் குறுக்கியவை போர்த்துகீசிய மன்னர் மூன்றாம் ஜோவானின் காசுகள். 1525இல் தொடங்கி 1538 வரைதான் அவற்றை அடித்தார்கள். பிறகு திரும்பப் பெற்று உருக்கிவிட்டார்கள். 1533இல் காணாமல்போன போம் ஜீசஸ் என்ற கப்பல் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இது வலுவான ஆதாரம்.

செம்புக் காசில் எனக்குப் பழக்கம் குறைவு. மாலுமி மடியில் முடிந்துவைத்த தேய்ந்த சில்லறை நாலைந்து மட்டும் கிடைத்தால், அதை வைத்து ஆண்டு சொல்லத் துணியமாட்டேன். அங்கே மட்பாண்டம் பார்ப்பவர் சொல்வதையே முதலில் கேட்பேன்.