திரையில் 91, கணக்கில் 85: கொதிகலன் வினைத்திறன் கணிப்பு அமைத்த சேவை பற்றி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நெல்லி கிறஷ் என்ற பானம் தயாரிக்கும் எங்கள் சிறிய ஆலையில், மணிக்கு 1 தொன் நீராவி தரும் டீசல் கொதிகலனின் தகனக் கட்டுப்பாட்டுக் கருவியில் வினைத்திறன் கணிப்பை, அதாவது எரிபொருளின் வெப்பத்தில் எத்தனை சதவீதம் நீராவிக்குப் போகிறது என்ற கணக்கை, அமைத்துத் தரும் வேலையைக் கொழும்பு நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தோம். இருவர் வந்து இரண்டு நாள் தங்கினார்கள். வேலை சுத்தமானது, மனக்குறை ஒன்று உண்டு.

முதல் நாள் மாலையே திரை 91 சதவீதம் காட்டியதில் முதலாளிக்குப் பெரும் மகிழ்ச்சி. டீசல் பற்றுச்சீட்டுகளையும் கொதிகலனுக்குப் போகும் நீரின் அளவையும் வைத்து நான் போடும் கணக்கோ 85ஐத் தாண்டியதே இல்லை. விடாமல் கேட்டபோதுதான், கருவி எரிபொருளின் வெப்ப அளவாக நிகரக் கலோரிப் பெறுமானத்தைக் கொண்டு கணிக்கிறது என்றும், எரிபொருளின் ஐதரசன் நீராவியாகிப் புகையோடு கொண்டுபோகும் மறைவெப்பத்தை அது இழப்பாகச் சேர்ப்பதில்லை என்றும் சொன்னார்கள். டீசலில் இதனால் மட்டும் ஏறத்தாழ 6 சதவீத வேறுபாடு வரும். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய விடயம் இது.

மற்றவற்றை அவர்களே கவனித்தார்கள். எரிபொருள் தெரிவு, குழாய்வழி வாயுவே இல்லாத நம் நாட்டில், இயற்கை வாயு என்று கிடந்தது. எரிப்பானுக்குள் போகும் காற்று 20 பாகை என நிலையாக இடப்பட்டிருந்தது. எங்கள் அறையில் 34 பாகை. அதற்குத் தனி உணரி பொருத்தினார்கள்.

என்னைக் கவர்ந்தது இரண்டாம் நாள் காலை வேலைதான். புகையில் ஒட்சிசன் 6 சதவீதம் என்று, காற்று மிகையாகப் போவதுபோல், காட்டியதும், இளையவர் எரிப்பானின் காற்றைக் குறைக்கப் போகாமல், சாமிப் படத்தடியிலிருந்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் புகைபோக்கியின் அடி இணைப்பைச் சுற்றிப் பிடித்தார். ஓரிடத்தில் ஊதுபத்திப் புகை உள்ளே இழுபட்டது; அவ்வழியே புகுந்த வெளிக்காற்றுத்தான் ஒட்சிசன் அளவைக் கூட்டிக் காட்டியிருந்தது. அந்த இடுக்கை அடைத்ததும் அளவு 4க்கு இறங்கியது. பொய்யான 6ஐ நம்பிக் காற்றைக் குறைத்திருந்தால், திரையில் வினைத்திறன் ஏற, எரிய வேண்டிய காற்றுப் போதாமல் குழாய்களில் கரி படிந்திருக்கும்.

புகை வெப்பநிலை சுத்தமான நிலையில் 220 பாகை என்று குறித்து, 240இல் எச்சரிக்கை ஒலிக்க வைத்தார்கள். சுண்ணாம்பு மிகுந்த எங்கள் கிணற்று நீருக்கு இதுவே பெரிய உதவி: படிவு பிடித்து வெப்பநிலை 20 பாகை ஏறினாலும் வினைத்திறன் எண் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் இறங்கும்; எவர் கண்ணிலும் படாது.

மறுபடியும் இவர்களையே அழைப்பேன். ஆனால் எரிபொருள் வகை, காற்றின் வெப்பநிலை எனக் கருவியில் இட்ட மாறிலிகளின் பட்டியல் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுப்பேன். இம்முறை அதற்கு மூன்று தடவை தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது.