ஸ்டெம் செல் ஊசியில் குருத்தெலும்பு வளரும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் இதைப் படியுங்கள்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். முழங்கால் தேய்மானத்துக்கு "அறுவை சிகிச்சையே வேண்டாம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் மூட்டுவலி மையத்தில் ஸ்டெம் செல் ஊசிக்கு மூன்று லட்சம் கட்டினேன். வலி அப்படியேதான் இருக்கிறது. புதிதாக எடுத்த எம்ஆர்ஐயில், மூட்டில் எலும்பு முனைகளுக்கு மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு இம்மியும் கூடவில்லை. மூன்று லட்சம்!

என்னை நம்ப வைத்த விதம்தான் இன்னும் எரிகிறது. அந்த டாக்டர் அவசரமே படாமல் பேசினார். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் சேதமானால் தானாக ஆறுவதில்லை என்றார். அது உண்மை. அதோடு சேர்த்து, இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல், எடுத்து மூட்டுக்குள் செலுத்தினால் அதுவே குருத்தெலும்பாக வளர்ந்துவிடும் என்ற கதையையும் விற்றுவிட்டார். "உங்கள் செல், உங்கள் மூட்டு, பயமே வேண்டாம்." இரண்டு எக்ஸ்ரேக்களை அருகருகே மாட்டி, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருப்பதை, குருத்தெலும்பு வளர்ந்ததற்கு ஆதாரம் என்று காட்டினார். நின்றபடி எடுத்தால் அந்த இடைவெளி குறுகலாகவும், படுத்தபடி எடுத்தால் அகலமாகவும் தெரியலாம் என்று பிறகு வேறொரு எலும்பு மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

மஜ்ஜையில் இருக்கும் செல்களில் அப்படிக் குருத்தெலும்பாக மாறக்கூடிய ஸ்டெம் செல் 10,000-க்கு ஒன்று தேறினாலே அதிகம். 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 475 பேரிடம் மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. அந்த மையத்தில் இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "செல் வேலை செய்ய மூன்று மாதம் ஆகும்." பிறகு அது ஆறு மாதமானது. பிறகு "உங்கள் வயதுக்குச் செல்லில் வீரியம் போதவில்லை, இன்னொரு டோஸ் போடலாம், சலுகை தருகிறோம்." மூன்று லட்சத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒப்புதல் படிவத்தை நீட்டி, "பலன் ஆளுக்கு ஆள் மாறும், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். பணம் கட்டும்வரை தினமும் போன் செய்த ஆலோசகர் இப்போது எடுப்பதே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. "ஆய்வு" என்று சொல்லி உங்களிடமே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்றே கட்டினால் தள்ளுபடி என்றாலும் அப்படியே. குருத்தெலும்புச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் முறை ஒன்று உண்டு, அமெரிக்காவில் 2016-இல் அப்படி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அது அறுவை சிகிச்சை, மூட்டு முழுக்கத் தேயாமல் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சேதமான முழங்காலுக்கு. அதைக் காட்டி இந்த ஊசியை விற்பார்கள், ஏமாறாதீர்கள். ரசீதையும் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் ஸ்டெம் செல் என்ற பேச்சே இல்லை, "மூட்டு ஊசி மற்றும் இதர செலவு" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், மூன்று லட்சத்துக்கு.