வலிப்பை அறிவிக்கும் மணிக்கட்டுப் பட்டை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் தம்பிக்குப் பெரும்பாலும் உறக்கத்தில்தான் வலிப்பு வரும் என்பதால், கைகால் உதறுவதை உணர்ந்து வீட்டாரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் இந்தப் பட்டையை ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். உடல் முழுவதும் விறைத்து வெட்டி இழுக்கும் வலிப்பை அது பெரும்பாலும் தவறவிடுவதில்லை. பல் துலக்கும்போதும் ஒலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அசைவின்றிச் சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகையை அதனால் கண்டறிய இயலாது என்பதை வாங்குபவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

என் மனக்குறை இதன் செயலியைப் பற்றியது. உறக்கக் குறைவையும் மாத்திரையைத் தவறவிடுவதையும் 'நோய்க்கான காரணங்கள்' என்று அது பட்டியலிடுகிறது. அவை ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டுபவை. தலைக்காயம், பக்கவாதம், மூளைத் தொற்று, பிறப்பின்போது ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவு, மரபணு மாற்றம் போன்றவையே காரணங்கள். உலகெங்கும் சுமார் பாதிப் பேருக்குக் காரணம் தெரியவருவதே இல்லை. தம்பியும் அவர்களில் ஒருவன். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, தேர்வுக்காகக் கண்விழித்ததால்தான் இந்நோயே வந்தது என்று அவன் பல நாள் தன்னை நொந்துகொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் இதை உடனே திருத்த வேண்டும்.

குறிப்பேட்டுப் பகுதி மிகச் சிறப்பு. வலிப்பு வந்த நேரமும், அது நீடித்த அளவும், முந்தைய இரவின் உறக்கமும் தானாகப் பதிவாவதால், மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியமைக்க அது பெரிதும் உதவியது. வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்குமாறு நினைவூட்டுவதும் சரியானதே. நாள்தோறும் மின்னேற்ற வேண்டியிருப்பதால், பகலில் ஒருவர் அவனருகே இருக்கும் வேளையிலேயே அதைச் செய்துவிடுகிறோம்.