கிளச் மாற்றக் கொடுக்கும் முன் ஒயில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இப்போதுள்ள விலைக்குப் புதுக் காரை நினைத்தும் பார்க்க முடியாது. அதனால் இருக்கிறதைத் திருத்தித் திருத்தித்தான் ஓடுகிறோம். அந்த நிலைமையில் உள்ளவர்களைத்தான் சில கராஜ்காரர்கள் போடாத சாமானுக்குக் காசு வாங்கி ஏமாற்றுகிறார்கள்.

என்னுடையது மாருதி 800. ஒருநாள் அம்மாவோடு கிளிநொச்சிக்குப் போகும்போது, ஆனையிறவு தாண்டியதும் ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தேன். என்ஜின் இரைந்ததே தவிர கார் இழுக்கவில்லை. எதிரே லொறி வந்தது. எப்படியோ பஸ்ஸுக்குப் பின்னால் திரும்ப ஒதுங்கினேன். குடாநாட்டுக்குள் ஏற்றம் என்று ஒன்றும் இல்லாததால் கிளச் வழுக்குவது, அதாவது என்ஜினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் பிளேட் பிடிக்காமல் நழுவுவது, எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரிவதில்லை.

தெரிந்த ஒருவர் சொன்ன கராஜில் காரை விட்டேன். கீழே ஒயில் சொட்டுவதையும் காட்டினேன். "கிளச் முடிஞ்சுது தம்பி, செட்டாவே மாத்துவம். கியர் பொக்ஸ் இறக்கேக்கை பின் சீலையும் போட்டு விடுறன்" என்றார் பாஸ். பின் சீல் என்றால் என்ஜினின் பின்பக்கத்தால் ஒயில் கிளச்சுக்கு வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். மூன்று நாள், 46,000 ரூபாய். கொப்பித் தாளில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தார். பழைய சாமான்களைக் கேட்டதற்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த இடத்தில் நான் பேசாமல் வந்திருக்கக் கூடாது.

24 ஆவது நாள் திரும்பவும் வழுக்கத் தொடங்கியது. கொண்டுபோய்க் காட்டினால், நான் கிளச்சில் காலை வைத்தபடி ஓடுவதுதான் காரணமாம். ஒயில், என்ஜினின் மேல் மூடியான டெப்பெட் கவரால் வருகிறதாம். இன்னும் 30,000 கேட்டார். நான் 25 வருடமாகக் கார் ஓடுகிறேன். பணத்தை விட அந்தப் பேச்சுத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இ.போ.ச.வில் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா அன்று பின்னேரமே வந்தார். "முதல்ல ஒழுக்கைப் பிடி, பிறகு கிளச்சைப் பார்ப்பம்" என்றார். என்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் கழுவித் துடைத்தோம். காய்ந்ததும் சந்தேகமான இடமெல்லாம் முகப் பவுடர் தூவி, ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து பார்த்தோம். டெப்பெட் கவரைச் சுற்றிப் பவுடர் உலர்ந்தபடியே கிடந்தது. என்ஜினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் ஈரம். இந்தச் சோதனை முக்கியம். டெப்பெட் கவர் பக்கிங் போனால் அந்த ஒயிலும் என்ஜின் வழியே இறங்கி இதே இடத்தில்தான் சொட்டும். கழுவாமல் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பெரியப்பா விரலால் தொட்டு மணந்தும் பார்த்தார். கியர் ஒயிலென்றால் கந்தகம் போல ஒரு கடுமையான மணம் அடிக்கும், அப்போது பிழை கியர் பொக்ஸ் பக்கத்துச் சீலில். இது என்ஜின் ஒயில்.

கிளச் வழுக்குகிறதா என்பதையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆள் இல்லாத இடத்தில், மூன்றாவது கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளச்சென்றால் என்ஜின் நின்றுவிடும். என்னுடையது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தரம் பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் எரியும்.

அடுத்த சனிக்கிழமை வீட்டு முற்றத்திலேயே கியர் பொக்ஸை இறக்கினோம். முதல் வேலையாக பற்றரி வயரைக் கழற்றினோம். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜக் கொடுத்தோம். சீமெந்துக் கல் அடுக்கிக் காரை நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள், அந்தக் கல் சொல்லாமல் நொறுங்கும். பழைய பிளேட்டின் தூசில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

உள்ளே கண்டதுதான் என்னை இதை எழுத வைத்தது. பிளேட் புதிதுதான், ஆனால் ஒயில் குடித்து மினுங்கியது. பிளேட் அழுத்தி நிற்கும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்தைக் கழற்றாமல் பின் சீலை மாற்றவே முடியாது. அதன் பொல்ட்டுகளில் ஸ்பெனர் பட்ட அடையாளமே இல்லை, பழைய துரு அப்படியே இருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தால் சீல் சிரட்டை போல இறுகி, உதடு வெடித்துக் கிடந்தது. போடாத சீலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சீல் கடையில் 1,400 ரூபாய். அதைப் போடாததால் புதுக் கிளச் பிளேட் 24 நாளில் நாசம்.

புதுச் சீலையும் பிளேட்டையும் போட்டோம். ஃபிளைவீல் முகத்தையும், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயில் அடைப்பு இருந்தால் உள்ளே அழுத்தம் கூடிப் புதுச் சீலும் ஒழுகும் என்று பெரியப்பா அதையும் கழற்றிச் சுத்தம் செய்தார்.

கராஜில் வேலை கொடுக்கிறவர்கள், ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள். பழைய சாமான்களைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். கியர் பொக்ஸ் இறக்கியதும் போன் எடுக்கச் சொல்லி, நேரில் போய்ப் படம் எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. என்னுடைய கடிதம் போய்விட்டது. பொல்ட்டுகளின் படங்களும் அந்தக் கொப்பித் தாளின் பிரதியும் அதோடு இருக்கின்றன. பழைய சீலையும் பிளேட்டையும் விசாரணைக்குக் கூப்பிட்டால் கொண்டுபோக எடுத்து வைத்திருக்கிறேன்.